விண்மீனின் வினாவும் இதயத்தின் விடையும்

நுழையும்முன்

ஒளி குறைந்த சிறிய அறை. நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மார்பின்மீது வைக்கப்பட்ட கைக்கருவி ஒன்று, இதயத்தினுள் பாயும் குருதியைத் திரையில் வண்ணமாகக் காட்டுகிறது. உடலில் ஒரு கீறலும் இல்லை, வலியும் இல்லை. வால்வு ஒன்று முழுமையாக மூடாமல் கசிவதை மருத்துவர் கண்டுகொள்கிறார். இக்காட்சியின் பின்னே நிற்பவர், இதயத்தைப் பற்றி ஒருநாளும் ஆராயாத ஓர் இயற்பியல் அறிஞர். விண்மீன்களின் நிறம் குறித்து அவர் எழுப்பிய வினா, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

கல்தச்சர் குடியில் ஒரு கணித மாணவர்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், சால்சாக் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த அழகிய நகரம் சால்ஸ்பர்க். இன்று ஆஸ்திரிய நாட்டில் உள்ள இந்நகரம், இசைமேதை மொசார்ட்டின் பிறப்பிடமாகவும் புகழ்பெற்றது. இங்கு 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் கிறிஸ்டியன் ஆண்ட்ரியாஸ் டாப்ளர் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சுத் தொழில் செய்து நற்பெயர் ஈட்டிய குடும்பம் அவருடையது. தந்தை ஜோஹான் டாப்ளர், தொழிலில் தேர்ந்த கல்தச்சர். மகனும் உளி பிடிப்பான் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால், கிறிஸ்டியனின் உடல் இளமையிலேயே மெலிவுற்றிருந்தது. கல்லைத் தூக்கவும் செதுக்கவும் வேண்டிய வலிமை அவருக்கு வாய்க்கவில்லை.

தொழிலுக்கு ஆகாத பிள்ளையைப் படிக்க வைப்பது என்று குடும்பம் முடிவு செய்தது. எந்தப் படிப்பு என்பதில் தெளிவு ஏற்படவில்லை. சால்ஸ்பர்க்கில் கணிதப் பேராசிரியராக இருந்த சைமன் ஸ்டாம்ப்பர் என்பவரிடம் தந்தை அறிவுரை கேட்டார். இளைஞரின் கணிதத் திறனை உணர்ந்த ஸ்டாம்ப்பர், வியன்னாவில் புதிதாக வளர்ந்துவந்த தொழில்நுட்பக் கல்விக்கழகத்திற்கு அவரை அனுப்புமாறு கூறினார். 1822இல் டாப்ளர் அங்குச் சேர்ந்தார். மூன்றாண்டுப் படிப்புக்குப் பின் சால்ஸ்பர்க் திரும்பித் தத்துவம் பயின்றார். மீண்டும் வியன்னா சென்று உயர்கணிதம், இயக்கவியல், வானியல் ஆகியவற்றைக் கற்றார். 1829இல் வியன்னாவில் உயர்கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளராக அமர்ந்தார்.

கணக்கேட்டின் முன்னே

உதவியாளர் பணி நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. 1833இல் அது முடிவுற்றபோது டாப்ளருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ஆசிரியப் பணியிடங்கள் போட்டித் தேர்வின் வழியே நிரப்பப்பட்டன. டாப்ளர் ஊர் ஊராக விண்ணப்பித்தார். ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்பு கைநழுவியது. வயிற்றுப்பாட்டுக்காகப் பருத்தி நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதும் வேலையை ஏற்றார். உயர்கணிதக் கட்டுரைகள் எழுதிய கை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் வரவு செலவுப் பேரேட்டை நிரப்பியது.

இந்நிலையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிடலாம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். உடைமைகளை விற்றுப் பயணச் செலவுக்குப் பொருள் திரட்டினார். மியூனிக் நகருக்குச் சென்று அமெரிக்கத் தூதரக அலுவலரையும் சந்தித்தார். புறப்படும் தறுவாயில், பிராக் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் கணித ஆசிரியர் பணி அவருக்குக் கிடைத்தது. 1835இல் டாப்ளர் பிராக் நகருக்குச் சென்றார். மறு ஆண்டில் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் மகளான மெத்தில்டேயை மணந்துகொண்டார். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். 1841இல் பிராக் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

பேராசிரியர் பதவி ஓய்வைத் தரவில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குத் தனித்தனியே தேர்வு நடத்தும் பொறுப்பு அவருக்கு இருந்தது. நெரிசல் மிகுந்த கூடங்களில் நாள் முழுதும் பேச வேண்டிய பணி, முன்பே தளர்ந்திருந்த அவரது உடலை மேலும் வாட்டியது. இத்தனைக்கும் நடுவே அவர் மனம் வானத்தை நோக்கிக்கொண்டிருந்தது.

எண்ணப்பட்ட அலைகள்

வானத்தில் சில விண்மீன்கள் இணையாகத் தோன்றுகின்றன, ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அவற்றை இரட்டை விண்மீன்கள் என்பர். இணையில் ஒன்று பொன்னிறமாகவும் மற்றொன்று நீலமாகவும் ஒளிர்வது உண்டு. இந்நிற வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே டாப்ளரின் வினா.

விடையை அவர் அலைகளில் தேடினார். கடலில் நிற்கும் கப்பலை அலைகள் சீரான இடைவெளியில் வந்து மோதுகின்றன. கப்பல் அலைகளை எதிர்கொண்டு விரைந்தால், அதே நேரத்தில் மிகுதியான அலைகளைச் சந்திக்கும். அலைகள் செல்லும் திசையிலேயே கப்பலும் விலகிச் சென்றால், சந்திக்கும் அலைகளின் எண்ணிக்கை குறையும். கடலில் எழும் அலைகள் மாறவில்லை. அவற்றைச் சந்திக்கும் வீதமே மாறுகிறது. கேட்பவர் நகர்ந்தாலும் ஒலி எழுப்புவது நகர்ந்தாலும் இவ்வாறே நிகழும். ஒலியில் இம்மாற்றம் சுருதியின் ஏற்ற இறக்கமாகத் தெரியும். ஒளியும் அலையானால், அதில் நிற மாற்றமாகத் தெரிய வேண்டும். நம்மை நெருங்கும் விண்மீன் நீலத்தின் பக்கமும் விலகும் விண்மீன் சிவப்பின் பக்கமும் சாயும் என்று டாப்ளர் கணக்கிட்டார்.

1842ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிராக் நகரில், பொஹீமிய அரச அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் இக்கருத்தை முன்வைத்தார். கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கட்டுரையில் சோதனை எதுவும் இல்லை. கருத்தும் எளிய சமன்பாடுகளும் மட்டுமே இருந்தன. கணிதமேதை பெர்னார்ட் போல்சானோ அதன் சிறப்பை உணர்ந்து ஆதரவு தந்தார். மற்றவர்களிடையே அது பெரிய வரவேற்பைப் பெறவில்லை.

தண்டவாளத்தில் ஒரு சோதனை

இன்று தொடர்வண்டி நிலையத்தில் நிற்கும் எவரும் டாப்ளரின் கருத்தைக் காதால் சோதித்துப் பார்க்கலாம். ஊதொலியோடு நெருங்கிவரும் வண்டி நம்மைக் கடந்து செல்லும்போது, ஒலியின் சுருதி சட்டென இறங்குவதை உணரலாம். 1840களில் தொடர்வண்டியே மக்களுக்குப் புதுமை. அப்புதுமையைச் சோதனைக் கருவியாக்கியவர், நெதர்லாந்தைச் சேர்ந்த இளம் அறிஞர் பைஸ் பாலட்.

1845இல் உட்ரெக்ட் நகருக்கு அருகே அவர் அச்சோதனையை நடத்தினார். வண்டியின் திறந்த பெட்டி ஒன்றில் கொம்பு இசைப்பவர்கள் நின்று ஒரே சுரத்தை ஊதினர். இசைப்பயிற்சி பெற்ற செவியினர் பாதையோரம் நின்று சுருதியைக் குறித்தனர். பிப்ரவரியில் மேற்கொண்ட முதல் முயற்சியை மோசமான குளிர்கால வானிலை கெடுத்தது. சூன் மாதத்தில் மீண்டும் முயன்றார். வண்டி நெருங்கும்போது சுரம் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலித்தது. டாப்ளரின் கருத்து ஒலியைப் பொறுத்தவரை உண்மையென நிலைபெற்றது.

அதே பைஸ் பாலட், விண்மீன் நிறங்கள் குறித்த டாப்ளரின் விளக்கம் பொருந்தாது என்றும் சுட்டிக்காட்டினார். அவர் கூறியது சரியே. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைகிறது. அதனோடு ஒப்பிட, விண்மீன்களின் வேகம் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியுமாறு நிறத்தை மாற்ற அது போதாது. மேலும், ஒரு பக்கம் ஒளி கண்ணுக்குப் புலப்படாத எல்லைக்கு நகர்ந்தால், மறுபக்கம் புலப்படாத ஒளி அந்த இடத்தை நிரப்பிவிடும். விண்மீனின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் புறப்பரப்பின் வெப்பநிலை என்பதைப் பிற்கால அறிவியல் உறுதிசெய்தது.

ஆக, டாப்ளர் கண்ட விதி சரி. அவ்விதியைக் கொண்டு அவர் விளக்க முயன்ற செய்தி தவறு. 1848இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிசோ, நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நிறமாலையில் உள்ள கோடுகளின் இடப்பெயர்ச்சியைப் பார்த்தால் போதும் என்று தெளிவுபடுத்தினார். 1868இல் வில்லியம் ஹக்கின்ஸ் அவ்வழியில் சிரியஸ் விண்மீனின் இயக்கத்தை அளக்க முயன்றார். பிழையான பயன்பாட்டிலிருந்து சரியான விதியைப் பிரித்தெடுக்கும் பணியைப் பின்வந்தோர் தொடர்ந்தனர்.

எதிர்ப்பும் இறுதி நாள்களும்

பிராக் நகரில் டாப்ளரின் நிலை மோசமடைந்தது. தேர்வுகளில் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று மாணவர்கள் முறையிட்டனர். மேலிடத்தின் கண்டனத்துக்கும் அவர் ஆளானார். நோயின் காரணமாக நெடுங்காலம் பணியிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது. 1847இல் ஷெம்னிட்ஸ் சுரங்கக் கல்விக்கழகத்திற்கு மாறினார். இன்று சுலோவாக்கியாவில் பான்ஸ்கா ஸ்டியாவ்னிட்சா எனப்படும் ஊர் அது. அடுத்த ஆண்டே ஐரோப்பா எங்கும் புரட்சி வெடித்தது. அமைதி குலைந்த அவ்வூரை விட்டு அவர் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே, தம்மைக் கணிதத்தின் பக்கம் திருப்பிய ஸ்டாம்ப்பர் வகித்த பேராசிரியர் பொறுப்பே அவருக்குக் கிடைத்தது. 1850இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநராக அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் மரபியலின் தந்தை எனப் போற்றப்பட்ட கிரிகர் மெண்டல், அங்கு அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர்.

உயர்ந்த பதவியும் அவருக்கு அமைதி தரவில்லை. வியன்னாவின் புகழ்வாய்ந்த கணிதப் பேராசிரியரும், ஒளிப்படக் கருவிக்குச் சிறந்த வில்லை அமைத்தவருமான ஜோசப் பெட்ஸ்வால், 1852இல் அறிவியல் கழகத்தின் அவையிலேயே டாப்ளரின் விதியைக் கடுமையாகத் தாக்கினார். சில வரிச் சமன்பாடுகளில் பெரிய உண்மை அடங்காது என்பது அவர் எண்ணம். இயக்கத்தால் அலைவுக்காலம் மாறாது என்றும் அவர் வாதிட்டார். டாப்ளர் விடை கூறினார். ஆயினும், அவர் குரலில் வலுவில்லை. நுரையீரல் நோய் முற்றிக்கொண்டிருந்தது.

குளிரிலிருந்து விடுபட்டால் உடல் தேறும் என்னும் நம்பிக்கையில், 1852ஆம் ஆண்டு நவம்பரில் வெனிஸ் நகருக்குச் சென்றார். அந்நகரிலேயே 1853ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் தமது 49ஆம் வயதில் காலமானார். சான் மிக்கேல் தீவின் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தம் விதி வென்றதா, தோற்றதா என்பது முடிவாகாத நிலையிலேயே அவர் கண் மூடினார். ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து எர்ன்ஸ்ட் மாக் என்னும் இளம் அறிஞர், சுழலும் குழாயில் ஊதல் ஒன்றைப் பொருத்தி, சுருதி மாறுவதை ஆய்வகத்திலேயே காட்டினார். பெட்ஸ்வால் கூறியதும் டாப்ளர் கூறியதும் வெவ்வேறு நிலைமைகளுக்கு உரியவை என்பதையும் தெளிவாக்கினார்.

மூடாத கதவு

டாப்ளரின் விதி மருத்துவமனையை அடைந்த வழியை அறியுமுன், இதயத்தின் கதவுகளைப் பற்றிச் சிறிது அறிவோம். நிமிடத்திற்கு 72 முறை எனக் கொண்டால், இதயம் ஒரு நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு வால்வுகள் திறந்து மூடிக் குருதியை ஒரே திசையில் செலுத்துகின்றன. இடது ஆரிக்கிளுக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் இடையே உள்ளது ஈரிதழ் வால்வு. வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது இது இறுக மூட வேண்டும். மூடாவிட்டால், உடலுக்குச் செல்ல வேண்டிய குருதியில் ஒரு பகுதி ஆரிக்கிளுக்கே பின்னோக்கிப் பீறிடும். இதுவே வால்வுக் கசிவு.

தொண்டையில் தோன்றும் ஒருவகைப் பாக்டீரியாத் தொற்றைத் தொடர்ந்து பிள்ளைகளுக்கு வரும் கீல்வாதக் காய்ச்சல், இவ்வால்வைச் சிதைக்கக்கூடியது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இளம் வயதினரின் வால்வு நோய்க்கு இது முதன்மைக் காரணமாக இருந்துவருகிறது. முதுமையில் வால்வின் இதழ்கள் தளர்வதாலும், மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர் விரிவதாலும் கசிவு ஏற்படும். கசிவு சிறிதாயின் பல்லாண்டுகள் தீங்கின்றிக் கழியலாம். பெரிதாயின் இதயம் இரட்டிப்பு உழைப்பால் விரிந்து தளரும். நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு வாங்கும். ஆகவே, கசிவு உண்டா என்பதோடு, எவ்வளவு என்பதும் உயிரைக் காக்கும் வினாவாகிறது.

1816இல் லேனக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பின், மருத்துவர்கள் கசிவின் முணுமுணுப்பைக் காதால் கேட்டறிந்தனர். ஆனால், ஒலியின் உரப்பைக் கொண்டு மட்டும் கசிவின் அளவைத் துணிய இயலாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதய அறுவை மருத்துவம் வளர்ந்தபோது இக்குறை பெரிதாக உறுத்தியது. குறுகிய வால்வை அறுவையால் விரித்துவிடலாம். முன்பே கசியும் வால்வை விரித்தால், கசிவு மேலும் பெருகி நோயாளியின் உயிருக்கே கேடாகும். எது குறுக்கம், எது கசிவு என்பதை அறுவைக்கு முன்பே அறிய வேண்டியிருந்தது.

ஒலியால் பார்த்தல்

சுவீடன் நாட்டின் லுண்ட் நகர மருத்துவர் இங்கே எட்லர் இச்சிக்கலுக்குத் தீர்வு தேடினார். இயற்பியல் அறிஞர் ஹெல்முத் ஹெர்ட்ஸ் அவருடன் இணைந்தார். மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட மீயொலியைப் பொருளினுள் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு உள்ளிருப்பதை அறியும் கருவிகள் அப்போது இருந்தன. மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் அத்தகைய கருவி உலோகத்தின் உட்குறைகளைக் கண்டறியப் பயன்பட்டது. அதனை இதயத்தின்மீது வைத்துப் பார்த்தால் என்ன என்று இருவரும் எண்ணினர். 1953ஆம் ஆண்டு அக்டோபரில், துடிக்கும் இதயச் சுவரின் எதிரொலியைப் பதிவுசெய்தனர். டாப்ளர் மறைந்து நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. எதிரொலி இதய வரைவியலின் தொடக்கம் அதுவே. இன்று மக்கள் இதனை எக்கோ பரிசோதனை என்கின்றனர்.

எதிரொலி, சுவரையும் வால்வின் அசைவையும் காட்டியது. பாயும் குருதியைக் காட்டவில்லை. அவ்விடத்தில்தான் டாப்ளரின் விதி தேவைப்பட்டது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சடோமுரா, நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு இதய இயக்கத்தை அறியும் முறையை 1950களில் வெளியிட்டார். 1970களில் நார்வேயைச் சேர்ந்த மருத்துவர் லிவ் ஹாட்லேயும் அவருடைய குழுவினரும், குருதியின் வேகத்திலிருந்து வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடும் முறையை மருத்துவ நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியர், குருதியோட்டத்தை வண்ணத்தில் காட்டும் கருவியை உருவாக்கினர்.

இதன் செயல்முறை எளிது. கருவி அனுப்பும் மீயொலி, உடல் திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. அணு முதலில் நகரும் கேட்பாளராக அலையைப் பெறுகிறது. பின்னர் நகரும் ஒலிமூலமாக அதனைத் திருப்பி அனுப்புகிறது. டாப்ளர் தனித்தனியே கணக்கிட்ட இரு நிலைகளும் ஒரு துளிக் குருதியில் ஒன்று சேர்கின்றன. மாற்றமும் இரு மடங்காகிறது. 25 இலட்சம் ஹெர்ட்ஸ் மீயொலியை, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேர்எதிரே வரும் குருதி ஏறத்தாழ 3,250 ஹெர்ட்ஸ் மாற்றுகிறது. இவ்வேறுபாடு மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லையில் அமைகிறது. எக்கோ அறையில் ஒலிக்கும் சீறல் ஓசை இதுவே.

கசிவை அளத்தல்

திரையில், கருவியை நோக்கி வரும் குருதி சிவப்பாகவும் விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படுகிறது. தூய குருதி, தூய்மையற்ற குருதி என்னும் பாகுபாட்டுக்கும் இந்நிறங்களுக்கும் தொடர்பில்லை. விண்மீன்களுக்கு டாப்ளர் கணக்கிட்ட நிறவரிசைக்கு இது நேர்மாறானது. மருத்துவர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்ட வழக்கு. கசிவின்போது குருதி பெருவேகத்தில் கலைந்து பாய்வதால், பலவண்ணப் பீற்றாகத் தோன்றும்.

அப்பீற்றின் பரப்பைக் கண்ணால் பார்த்து மட்டும் கசிவை மதிப்பிடுதல் பிழைக்கு இடந்தரும். கருவியின் அமைப்பை மாற்றினால் பரப்பும் மாறும். நோயாளியின் குருதியழுத்தம் உயர்ந்திருந்தால் சிறு கசிவும் பெரிதாகத் தோன்றும். சுவரை ஒட்டிச் சாய்ந்து பாயும் பீற்று, உண்மையில் பெரிதாக இருந்தும் சிறிதாகத் தெரியும். மேலும், டாப்ளர் விதி ஒலிக்கற்றையின் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே உணர்த்தும். குருதி 60 பாகைச் சாய்வில் பாய்ந்தால் பாதி வேகமே பதிவாகும். செங்குத்தாகப் பாய்ந்தால் எதுவும் பதிவாகாது. எனவே, தேர்ந்த மருத்துவர் பல கோணங்களிலிருந்து நோக்குவார்.

அவர் முதலில் பீற்றின் மிகக் குறுகிய கழுத்தை அளப்பார். ஈரிதழ் வால்வில் அது 3 மில்லிமீட்டருக்குக் குறைவாயின் கசிவு இலேசானது. 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆயின் கடுமையானது. அடுத்து, வென்ட்ரிக்கிளின் பக்கம் குருதி துளையை நோக்கிக் குவிவதை நோக்குவார். தொட்டியின் அடித்துளையை நெருங்க நெருங்க நீர் விரைவதுபோலக் குருதியும் விரைகிறது. ஒரே வேகம் கொண்ட இடங்கள் அரைக்கோளமாக அமைகின்றன. அவ்வரைக்கோளத்தின் பரப்பை வேகத்தால் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு குருதி கசிகிறது என்பது கிடைக்கும். ஒரு துடிப்புக்கு 60 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ பின்னோக்கிச் சென்றால் அது கடுமையான கசிவு. நலமான இதயம் ஒரு துடிப்பில் உடலுக்கு அனுப்புவதே ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் என்பதை நினைத்தால், இவ்விழப்பின் பெருமை விளங்கும்.

கசியும் குருதியின் வேகமும் பொருள் தருவது. நொடிக்கு மீட்டரில் அளந்த வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், இரு அறைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். வேகம் 5 மீட்டர் எனில், அழுத்த வேறுபாடு 100 மில்லிமீட்டர். முன்பு குழாயைக் குருதிக்குழாய் வழியே இதயத்தினுள் செலுத்தி அறிந்த செய்தி, இப்போது மார்பின்மேல் வைத்த கருவியால் தெரிகிறது. இவ்வளவுகளோடு இதய அறைகள் விரிந்துள்ளனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தே, மருந்து போதுமா, வால்வைச் செப்பனிட வேண்டுமா என்னும் முடிவு எடுக்கப்படுகிறது. நலமானவர்களிடமும் மிகச் சிறு கசிவு காணப்படுவது உண்டு. அவர்களை வீணாக அச்சுறுத்தாமல் இருப்பதற்கும், அறுவை வேண்டியவரைக் காலம் கடத்தாமல் இருப்பதற்கும் இவ்வளவுகள் துணைசெய்கின்றன.

பிழையினும் நெடிது வாழும் உண்மை

டாப்ளர் விண்மீன்களின் நிறத்துக்குச் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை. அவ்விளக்கத்துக்காக அவர் வகுத்த விதியோ, விண்மீன்களின் ஓட்டத்தை அளக்கிறது. சாலையில் விரையும் வண்டிகளின் வேகத்தைக் கணிக்கிறது. கருவில் வளரும் குழந்தையின் இதயத் துடிப்பைத் தாய்க்குக் கேட்பிக்கிறது. ஓர் அறிஞரின் முடிவு தவறானதாலேயே அவர் சென்ற வழி முழுவதும் தவறாகிவிடுவதில்லை. பைஸ் பாலட்டைப் போலத் தவற்றைச் சுட்டி உண்மையை ஏற்றுக்கொள்ளும் நடுவுநிலையே அறிவியலை வளர்க்கிறது.

மூச்சுக்கு வருந்திய உடலோடும் குடும்பச் சுமையோடும் ஓயாத பணியோடும் போராடிய அந்தக் கல்தச்சர் மகன், தம் விதியின் முழுப் பயனையும் காணவில்லை. இன்று மருத்துவமனைகளில் மூச்சு வாங்கி வந்து படுக்கும் எத்தனையோ பேரின் மார்பின்மீது அவ்விதி ஒவ்வொரு நாளும் செயல்படுகிறது. மூடாத கதவு எது, அதன் வழியே இழப்பது எவ்வளவு என்று அது காட்டுகிறது. விண்ணை நோக்கிக் கேட்ட வினா வீண்போகவில்லை. அதன் விடை மனித இதயத்தில் கிடைத்தது.

தெரிந்து தெளிவோம்

டாப்ளரின் பெயர் சில நூல்களில் ஜோஹான் கிறிஸ்டியன் டாப்ளர் எனக் காணப்படுகிறது. ஜோஹான் என்பது அவருடைய தந்தையின் பெயர். அறிவியல் அறிஞரின் முழுப்பெயர் கிறிஸ்டியன் ஆண்ட்ரியாஸ் டாப்ளர் என்பதே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. தொடர்வண்டியோ அவசர ஊர்தியோ உங்களைக் கடந்து செல்லும்போது அதன் ஒலியில் ஏற்படும் மாற்றத்தைக் கவனித்து, அதற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.

2. பிழையான முடிவோடு பிறந்த சரியான கருத்து என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. இதய வால்வுகளின் படம் வரைந்து, ஈரிதழ் வால்வில் கசிவு ஏற்படும்போது குருதி செல்லும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டுக.